சுலைஹாவின் பெயரில் எட்டு வருசம்

1

போதகர் ஐயா கேட்டிருந்தது இரண்டு பக்கம். சபையின் தையல் வகுப்புக்குப் பதினைந்தாவது வருசம் பிறக்கிறதாம், மலர் ஒன்று போடுகிறார்களாம், வகுப்பை முதன்முதலில் நடத்தியவள் என்ற முறையில் நான் நாலு வார்த்தை எழுத வேண்டுமாம். "குவைத் வாழ்க்கையையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள், இளம் பிள்ளைகள் விருப்பமாய் வாசிப்பார்கள்" என்று கடைசியில் ஒரு வரி.

எனக்குக் கடிதம் போடுகிறவர்கள் உறையில் என் பெயரை எழுதக்கூடாது. எமிலி என்ற பெயருக்கு இந்த வீட்டில் ஆள் இல்லை. ஆதம்பாவா சுலைஹா உம்மா என்று எழுத வேண்டும். வந்த புதிதில் அதை நான் அறிவித்தபோது அப்போதுதான் நம் சபைக்கு மாற்றலாகி வந்திருந்த போதகர் ஐயா என்ன நினைத்தாரோ தெரியாது, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிரசங்கத்துக்குக் குறிப்பெழுதும் அதே உருண்டை எழுத்தில் அந்தப் பெயரை எழுதி அனுப்பினார். எட்டு வருசமாக அப்படித்தான் அனுப்புகிறார்.

இந்த முறை அதே உறைக்குள் இன்னொரு கடிதமும் மடித்து வைத்திருந்தது. அது உண்மையான சுலைஹா எழுதியது. "உங்கள் மாணவி தானே கொண்டுவந்து தந்தார். மிஷன் வீட்டுக் கேற்றுக்கு வெளியே நின்றார். உள்ளே வந்து இருக்கச் சொன்னோம், வரவில்லை" என்று ஐயா எழுதியிருந்தார்.

அவளுடைய கடிதத்தைப் பிரிக்காமல் ஐயாவின் அந்த வரியையே திரும்பத் திரும்ப வாசித்தேன். ஊர் இரண்டுபட்டு மூன்று வருசம். முஸ்லிம் பக்கத்திலிருந்து தமிழ்ப் பக்கத்துக்கும், இங்கிருந்து அங்கும், ஆம்பிளைகளே யோசித்துத்தான் போய் வருகிறார்கள் என்று என் தங்கச்சி எழுதுவாள். அப்படியிருக்க ஒரு முஸ்லிம் பெண் தனியே நடந்து சேர்ச் வளவுக்கு வந்தாள் என்றால் சும்மா வந்திருக்க மாட்டாள்.

சுலைஹா இந்த வருசம் ஹஜ்ஜுக்குப் போக இருந்தாள். போக முடியவில்லை. காரணம் நான். அதனால் ஐயா கேட்ட இரண்டு பக்கம் என்னால் எழுத ஏலாது. நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

2

எங்கள் சபை சின்னது. கல்முனையில் நாலு திசைக்கும் பார்த்தால் பள்ளிவாசல்களும் கோயில்களும்தான் தெரியும். எங்கள் மணி அடித்தால் நாற்பது குடும்பம் சட்டை மாற்றிக்கொண்டு வரும். ஆனால் ஆசை மட்டும் பெரிசு. ஊழியம் வெளியே போக வேண்டும், மற்றச் சனங்களோடு பழக வேண்டும் என்று மாதர் ஐக்கியத்தில் ஒவ்வொரு மாதமும் கதைப்போம். கதைத்துக் கதைத்துக் கடைசியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குத் தையல் வகுப்பு என்று முடிவாகி, எனக்குத் தையல் தெரியும் என்பதால் அது என் தலையில் விழுந்தது.

பெண்பிள்ளைகள் சேர்ச்சுக்குள் வந்து தைக்க எந்த வாப்பாவும் விடமாட்டார். ஆகவே வகுப்பு அவர்களிடம் போனது. இரண்டு கைமெசினை ஒற்றை மாட்டுக் கரத்தையில் ஏற்றி, ஆடாமல் இருக்கச் சாக்கு அடைத்து, திங்களுக்கு ஒரு வீடு, புதனுக்கு ஒரு வீடு, சனிக்கு ஒரு வீடு என்று போவேன். சுலைஹாவின் வீடு புதன்கிழமை.

வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் வேதக்கதை சொல்ல வேண்டும் என்பது மாதர் ஐக்கியத்தின் சட்டம். அந்த வீட்டுப் பெண்கள் அதற்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மெசினை நிறுத்திவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, மரியாதையாய்க் கேட்பார்கள். ஆனால் நான் ஒரு தீர்க்கதரிசியின் கதையைத் தொடங்கினால் பாதி வழியில் சுலைஹா பிடித்துக்கொள்வாள்.

"இவர் எங்கட நபியும்தான் டீச்சர். மறுகா என்ன நடந்த தெரியுமா?" என்று மிச்சத்தை அவளே சொல்லி முடிப்பாள். என்னைவிட நன்றாகச் சொல்வாள், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு வருசமும் சபை அறிக்கை எழுதும்போது அப்போதிருந்த போதகர் என்னைக் கூப்பிட்டு, "எத்தனை பேர் ஆண்டவருக்குக் கிட்ட வந்திருக்கிறார்கள்?" என்று கேட்பார். நான் எத்தனை பேர் சட்டை வெட்டப் பழகினார்கள் என்று சொல்வேன். அவர் பெருமூச்சு விட்டு, "விதை விதைக்கப்பட்டது" என்று எழுதுவார். ஆறு வருசமும் அதே வசனம்.

சுலைஹா எனக்கு இரண்டு வயது இளையவள். புருசன் கொழும்புக்கு யாவாரத்துக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் எடுத்துவிட்டான். பிள்ளை இல்லை. தாயோடு தன் சீதன வீட்டில் இருந்தாள். சாகாமம் பக்கம் வயல் செய்கிற அவளுடைய அண்ணன்தான், அவள் வாயில் காக்கா, வீட்டைப் பார்த்தார். அவர் வாயில் பொய் வராது, மற்றவர்கள் பொய் சொன்னாலும் பொறுக்கமாட்டார். சுலைஹா நன்றாய்த் தைப்பாள், கொலர் மட்டும் அவளுக்கு வராது. பிரித்துப் பிரித்துத் தைத்து, கடைசியில் கொலர் இல்லாத சட்டைதான் அழகு என்று சாதிப்பாள்.

நோன்பு மாதத்தில் பகல் வகுப்பு நடத்தினாலும் அந்த வீடுகளில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. அவர்கள் வற்புறுத்துவார்கள், எனக்கு மனம் வராது. வெயிலில் தொண்டை வரண்டு கரத்தையோடு திரும்பி வருவேன். அந்தப் பழக்கம் எங்கே உதவப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

3

என் புருசன் தச்சு வேலை செய்தவர், நெஞ்சு நோயில் போனார். அதற்கு அடுத்த வருசம் சூறாவளி வந்தது. எங்கள் வீட்டுக் கூரையையும் ஒரு பக்கச் சுவரையும் கொண்டுபோனது. சபையார் வந்து கிடுகு கட்டித் தந்தார்கள், பால்மா தந்தார்கள், எல்லாம் உண்மை. ஆனால் எனக்கு இரண்டு பெண்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுக்க வேண்டும், இதில் கிறிஸ்தவர், சைவர், முஸ்லிம் என்று வித்தியாசம் ஒன்றும் இல்லை. வீடில்லாத பெண்ணைக் கேட்டு ஒருவரும் படியேற மாட்டார்கள். மூத்தவளுக்குப் பதினேழு முடிந்துவிட்டது.

குவைத்துக்கு ஆள் அனுப்புகிற ஏஜன்ட் ஒருவனைப் போய்ப் பார்த்தேன். "வீடு கைவசம் இரிக்கி. ஆனா முஸ்லிம் பொம்புளதான் வேணுமெண்டு கேக்கிறாங்க" என்றான்.

அந்தப் புதன்கிழமை வகுப்பில் இதைச் சொல்லி என் தலைவிதியை நொந்துகொண்டேன். சுலைஹா வாயில் கடித்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாய் எடுத்துத் துணியில் குத்தினாள்.

"அப்ப முஸ்லிமாப் போங்களன்."

"என்னகா பகிடி விடுறாய்?"

"பகிடி இல்ல டீச்சர். என்ர பிறப்புப் பத்திரத்த எடுத்துக்கிட்டுப் போங்க. நான் எங்க போகப்போறன்? இந்த வேலிக் கடப்பத் தாண்டிக் கடக்கரைக்கும் போறல்ல. பொட்டிக்குள்ள கிடந்து பூச்சி திங்கிற கடதாசி."

இரண்டு கிழமை மாட்டேன் என்றேன். மூன்றாவது கிழமை வாங்கிவிட்டேன். மெசின் ஊசியையும் கத்தரிக்கோலையும் இரவல் கொடுத்து வாங்குகிற மாதிரித்தான் நாங்கள் இரண்டு பேரும் அதை நினைத்தோம். ஒரு பெயருக்கு ஒரு பாஸ்போட்தான், நான் அதற்குள் ஏறிக்கொண்டால் அவளுக்கு அதில் இடம் இல்லை என்பது எங்கள் புத்திக்கு எட்டவில்லை. அவளுக்குப் பாஸ்போட் தேவைப்படும் ஒரு காலம் வரும் என்று அவளே நம்பவில்லை. நான் நம்பியிருக்க வேண்டும். படித்தவள் நான்தானே.

வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவள் எனக்குத் தொழக் காட்டித் தந்தாள். ஆறு வருசம் நான் சொன்ன பாடம் அவளிடம் ஏறவில்லை, ஆறு நாளில் அவள் சொன்னது எனக்கு ஏறிவிட்டது. கடைசி நாள் விரிப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "டீச்சர், பொய் என்ர பேருக்குள்ள இரிக்கட்டும். தொழுகைக்குள்ள வேணாம்."

வெளிநாடு போகிறவர்களை ஞாயிறு ஆராதனையில் முன்னால் நிறுத்தி ஜெபித்து அனுப்புவது நம் சபை வழக்கம். என்னையும் நிறுத்தினார்கள். அந்தப் பழைய போதகர் தலையில் கைவைத்து, "உமது அடியாள் எமிலியைக் காத்தருளும்" என்று ஜெபித்தார். என் கைப்பைக்குள் சுலைஹா உம்மா இருந்தாள். பிள்ளைகள் இரண்டு பேரையும் தங்கச்சியிடம் விட்டு, மாதர் ஐக்கியம் தந்த வேதாகமத்தை அவள் அலுமாரியில் பூட்டிவிட்டு விமானம் ஏறினேன்.

4

இங்கே எசமானியை "மாமா" என்று கூப்பிட வேண்டும். முதல் கடிதத்தில் "மாமா நல்லவ, மாமாவின் காலைப் பிடித்துவிடுகிறேன்" என்று எழுதிவிட்டேன். பத்து வயது ரூபி, என் இளையவள், "ஆம்பிளையிட காலை ஏனம்மா பிடிக்கிறீங்க?" என்று திருப்பி எழுதினாள். ஊர் முழுக்க என்ன கதை பரவியதோ. அதற்குப் பிறகு எசமானி என்றே எழுதுகிறேன்.

எசமானி விதவை. ஐம்பதைத் தாண்டியவள். முழங்கால் இரண்டும் சரியில்லை. ஒரே மகன், பக்கத்துத் தெருவில் வீடு. இந்த வீட்டுக்கு ஆளுயரத்துக்கு ஒன்றரை மடங்கு மதில். கேற்றின் திறப்பு அவள் இடுப்பில், என் பாஸ்போட் அவள் அலுமாரியில். எட்டு வருசத்தில் நான் தனியே தெருவுக்குப் போன நாட்களை விரலில் எண்ணலாம். எனக்கு அடி, பசி, திட்டு ஒன்றும் இல்லை. மற்ற வீடுகளில் நடக்கிற கதைகளைக் கேட்டால் நான் ராணி. ஆனால் அதிகாலை எழுந்து அவள் பக்கத்தில் விரிப்பைப் போட்டு நிற்கும்போது, இன்றைக்கு எந்த இடத்தில் பிழை விடுவேன், இன்றைக்குப் பிடிபடுவேனோ என்ற பயம் இல்லாமல் ஒரு நாளும் விடிந்ததில்லை. நோன்பு மட்டும் லேசாக இருந்தது, ஊரிலேயே பழகியதுதானே. எசமானி அதைப் பார்த்து, "சுலைஹா போல நோன்பு பிடிக்க என் மருமகளுக்கு வராது" என்று வந்தவர்களிடம் பெருமை பேசுவாள்.

ஒரு தடவை சந்தையில் அவளுக்குத் துணையாகப் போனேன். தமிழ்ப் பெண்கள் இரண்டு பேர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, தமிழில் அச்சடித்த துண்டுப்பிரசுரம் ஒன்றை நீட்டினார்கள். இங்கே வெள்ளிக்கிழமைகளில் தமிழ் ஆராதனை நடக்கிறதாம். "வாங்க அக்கா, வண்டி ஏற்பாடு செய்வோம்" என்றாள் ஒருத்தி. எசமானி நாலடி தள்ளி வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் முஸ்லிம்" என்றேன்.

அவர்கள் கோபிக்கவில்லை. பரவாயில்லை என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாய்த் தெரியும். கரத்தையோடு வீடு வீடாய்ப் போன காலத்தில் நான் சிரித்த அதே சிரிப்பு. வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்தேன், அழுததற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஐந்து வருசம் முடிந்து பாஸ்போட் புதுப்பிக்க இலங்கைத் தூதரகத்துக்குக் கூட்டிப்போனார்கள். வரிசையில் நிற்கும்போதே சுலைஹாவின் பிறந்த திகதி, ஊர், தகப்பன் பெயர் எல்லாவற்றையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "தகப்பனின் பெயர்?" என்று கேட்டதும் "சாமுவேல்" என்று வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்களைக் கூட்டிவந்தவரின் பெயரைக் கேட்கவில்லை, உங்கள் தகப்பனின் பெயரைக் கேட்டேன்" என்றார். பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிட்டார். "ஆதம்பாவா" என்றேன். முத்திரை விழுந்தது. அன்றைக்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அந்த முத்திரைதான் மூன்று வருசம் கழித்து சுலைஹாவின் முகத்தில் கதவைச் சாத்தும் என்று தெரியாமல் நன்றி சொன்னேன்.

5

மூத்தவளுக்கு வீடு கட்டி முடித்து, நம் சபையில்தான் கலியாணம் நடந்தது. படம் அனுப்பினார்கள். ரூபி சேர்ச்சில் திடப்படுத்தல் எடுத்ததையும் படத்தில்தான் பார்த்தேன், வெள்ளை உடுப்பில் என் தங்கச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பத்து வயதில் விட்டுவிட்டு வந்தேன். முதலில் இரண்டு தாள் நிறைய எழுதுவாள். பிறகு ஒரு தாள். இப்போது மூன்று வரி: சுகம், பணம் கிடைத்தது, இன்னும் சீமெந்து வேணும். தங்கச்சியை "அம்மா" என்கிறாள், என்னைக் "குவைத் அம்மா" என்கிறாள். தங்கச்சி அதை வேடிக்கையாய் எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரூபியின் வீட்டுக்கு அத்திவாரமும் சுவரும் எழும்பிவிட்டது. கூரை இல்லை. இன்னும் இரண்டு வருசம் நின்றால் முடியும்.

6

சுலைஹாவின் கடிதத்தை அப்படியே தருகிறேன்.

"டீச்சர், சுகமா இரிக்கிங்களா. நாங்க சுகம். இந்த வருசம் உம்மாவையும் என்னையும் ஹஜ்ஜிக்குக் கூட்டிப்போகக் காக்கா நிய்யத்து வெச்சாங்க. பாஸ்போட்டுக்குக் கொழும்புக்குப் போனா எனக்குக் குடுக்க ஏலாதாம். இந்தப் பேருல, இந்தப் பத்திரத்துல, முன்னமே குடுத்தாச்சாம், ஆள் குவைத்தில இரிக்காம். காக்கா வந்து என்னக் கேட்டாங்க. எனக்குத் தெரியா, சூறாவளிக்க காணாமப் போன, ஆரும் எடுத்திருப்பாங்க எண்டு சென்னன். காக்காக்கிட்ட நான் பொய் சென்னது இதான் முதல். நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம். உம்மாவும் காக்காவும் போறாங்க. எனக்கு அல்லா நாடல்ல. ரூபிட கலியாணம் சரிவந்தா அறிவியுங்க, சட்டை நான்தான் தைப்பன். கொலர் இல்லாததுதானே, பயப்பட வேணாம்."

திட்டி எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தத் தையல் வீடுகளில் மக்காவைப் பற்றிக் கதை வந்தால் பெண்களின் குரலே இறங்கிவிடும், எனக்குத் தெரியும். கடற்கரைக்கும் போகாத ஒருத்திக்கு வாழ்க்கையில் ஒரு பயணம் வந்தது. அதை நான் கட்டி வைத்திருக்கிறேன்.

அதே கிழமை எசமானி சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினாள்.

"சுலைஹா, இந்த வருசம் நீ என்னோடு ஹஜ்ஜுக்கு வருகிறாய். மகன் காகிதமெல்லாம் பார்த்துக்கொள்வான். எட்டு வருசம் என் காலைப் பிடித்துவிட்டாய், உனக்கு நான் வேறு என்ன தர முடியும்?"

சொல்லிவிட்டு என் நெற்றியில் முத்தமிட்டாள். நான் குசினிக்குள் போய்த் தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டு நின்றேன்.

போனால் ஒருவருக்கும் தெரியாது. சுலைஹா உம்மா என்ற பெயர் மக்காவுக்குப் போய் வந்துவிடும், சுலைஹா தன் வேலிக் கடப்படியில் நிற்பாள். அந்த மண்ணில் கால்வைக்க எனக்கு உரிமை இல்லை என்பதும் எனக்குத் தெரியும், அந்த வீடுகளில் தேத்தண்ணி குடித்து வளர்ந்த மரியாதை எனக்கு உண்டு. உடம்புக்கு வருத்தம் என்று சாட்டுச் சொன்னால் அடுத்த வருசம் கேட்பாள். உண்மையைச் சொன்னால் பொலிஸ். நான் மட்டும் என்றால் பரவாயில்லை, பத்திரம் தந்தவள் என்று சுலைஹாவையும் கூப்பிடுவார்கள். மூன்று நாள் இதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தேன். எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

7

மூன்றாம் நாள் பின்னேரம் அவளுடைய முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது சொல்லிவிட்டேன். தைரியத்தில் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னேன். என் அரபு தையற்காரியின் அரபு, ஒட்டுப்போட்டுத்தான் வரும். நான் முஸ்லிம் இல்லை. கிறிஸ்தவச்சி. இந்தப் பெயர் என்னுடையது இல்லை. இந்தப் பெயர்க்காரி ஊரில் இருக்கிறாள், ஹஜ்ஜுக்குப் போக முடியாமல் இருக்கிறாள், நான் அவளுடைய பெயருக்குள் இருப்பதால்.

எசமானி அடிக்கவில்லை. என் கையிலிருந்து காலை மெதுவாய் இழுத்துக்கொண்டாள். அடித்திருக்கலாம்.

கனநேரம் தனக்குள் ஓதிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "எட்டு வருசம் என் பக்கத்தில் நின்று தொழுதாயே. யாரை நினைத்துத் தொழுதாய்?"

இனிப் பொய் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை. "சில நாள் உங்களைப் போலத்தான் நினைத்தேன். சில நாள் எங்கள் சேர்ச்சை நினைத்தேன். கூடுதலான நாள் என் மகளின் வீட்டுக் கூரையைத்தான் நினைத்தேன்."

"நானும் கூடுதலான நாள் என் முழங்காலைத்தான் நினைத்தேன்" என்றாள். ஆனால் சிரிக்கவில்லை.

பிறகு சுலைஹாவைப் பற்றிக் கேட்டாள். எப்படிப்பட்டவள், யார் இருக்கிறார்கள் என்று. எல்லாம் சொன்னேன், கொலரையும் சொன்னேன்.

"அண்ணன் அவளை விட்டுவிட்டா போகிறான்?"

"ஓம்."

"அவள் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லையா?"

"இல்லை."

எசமானி கண்ணை மூடிக்கொண்டாள். "என் மகனுக்கு இது தெரியக்கூடாது. தெரிந்தால் பொலிசைக் கூப்பிடுவான், அவன் அப்படிப்பட்டவன். நான் போய்வந்த பிறகு, இவளுக்கு ஊர் நினைவு வந்துவிட்டது என்று சொல்லி உன்னை அனுப்புகிறேன். இந்த வீட்டுக்கு நீ திரும்பி வரக்கூடாது. பெயரை அவளிடம் கொண்டுபோய்க் கொடு."

எழும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் பிடிக்கப் போனேன், கையால் தடுத்தாள்.

"இன்றையிலிருந்து என் விரிப்புக்குப் பக்கத்தில் உன் விரிப்பைப் போடாதே."

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அப்படியிருந்தும் அடுத்த நாள் அதிகாலை அவள் தனியே நின்று ஓதுவதைக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டு அழுதேன், ஊரைவிட்டு வந்த நாளில்கூட நான் அப்படி அழவில்லை. பயந்து பயந்து நின்ற இடம்தான். ஆனால் எட்டு வருசத்தில் நான் ஒருவருக்குப் பக்கத்தில் நின்ற ஒரே இடமும் அதுதான்.

8

எசமானி மகனோடு ஹஜ்ஜுக்குப் போய்ப் பதினொரு நாள். கேற்றை வெளியே பூட்டித் திறப்பைக் கொண்டுபோய்விட்டாள். மகனின் டிரைவர் காலையில் ரொட்டியும் தக்காளியும் கொண்டுவந்து, கேற்றில் உள்ள சின்ன யன்னலால் நீட்டிவிட்டுப் போகிறான். போகிற அன்று அவள் அலுமாரியைத் திறந்து பாஸ்போட்டை எடுத்து மேசையில் வைத்தாள். சுலைஹாவின் பெயரைச் சொல்லி அங்கே துஆக் கேட்பதாகச் சொன்னாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகப் பாஸ்போட் என் கையில் இருக்கிறது, வீடு பூட்டியிருக்கிறது. சுலைஹாவின் உம்மாவும் காக்காவும் இப்போது அங்கேதான் இருப்பார்கள், அதே சனத்துக்குள் எங்கள் எசமானியும் இருப்பாள்.

ரூபிக்கு முன்னமே எழுதியிருந்தேன், வருகிறேன், திரும்பிப் போக முடியாது என்று. நேற்று டிரைவர் ரொட்டியோடு பதிலையும் நீட்டினான். இந்த முறை மூன்று வரி இல்லை, தாள் நிறைய எழுதியிருந்தாள்.

"அம்மா, இப்ப வராதீங்க. வீட்டுக்குக் கூரை போடல்ல. போன மாதம் ஒரு இடத்தால கேட்டு வந்தாங்க, வீடு முடிஞ்சதும் பாப்பம் எண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்காங்க. நீங்க வந்தா எல்லாம் நிண்டிரும். சுலைஹா அக்கா நல்லவதான், நான் இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா ஹஜ் ஒவ்வொரு வருசமும் வரும். எனக்கு ஒவ்வொரு வருசமும் மாப்பிள்ளை வராது. எட்டு வருசம் நான் அம்மா இல்லாம இருந்தது இந்த வீட்டுக்காகத்தானே? அதையும் இல்லாமப் பண்ணாதீங்க."

இதில் எந்த வரியைப் பிழை என்று சொல்வேன்? பத்து வயதுப் பிள்ளையிடம், அம்மா போவது உனக்கு வீடு கட்டத்தான் என்று சொன்னவள் நான்தான். அவள் அதை நம்பி இருந்தாள், அவ்வளவுதான்.

ஆனாலும் வருகிறேன், ஐயா. எசமானி வந்து கேற்றைத் திறந்த பிறகு வருகிற முதல் விமானத்தில். பஸ்ஸால் இறங்கியதும் முதலில் நான் சுலைஹாவின் வீட்டுக்குப் போக வேண்டும். அவளுடைய காக்காவின் முன்னால் நின்று, உங்கள் தங்கச்சி பொய் சொல்லவில்லை, என்னுடைய பொய்யைத் தூக்கிச் சுமந்தா என்று சொல்ல வேண்டும். பாஸ்போட்டை அவர் கையில் கொடுக்க வேண்டும். அதைக் கொண்டு பாஸ்போட் கந்தோரில் என்ன செய்யலாம், என்ன தண்டனை வரும் என்பதை அவர் சொல்லட்டும். அந்தப் பாதையால் இப்போது தனியே போக ஏலாது என்று தங்கச்சி எழுதுகிறாள். நீங்கள் என்னோடு வர வேண்டும். மாதர் ஐக்கியத்தில் இருந்தும் இரண்டு பேர் வந்தால் நல்லது. துண்டுப்பிரசுரம் ஒன்றும் கொண்டுவர வேண்டாம். ஆறு வருசம் கொடுக்கத்தான் அந்த வீட்டுக்குப் போனோம், இந்த முறை மன்னிப்புக் கேட்கப் போவோம்.

அந்த வீட்டால் திரும்பி வந்த பிறகு இதை மலரில் போடுங்கள், அதற்கு முன்னுக்குப் போடாதீர்கள். அதுவரை நீங்கள் மட்டும் வாசித்தால் போதும். முக்கியமாய், நான் வருகிற நாளை ரூபியிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் அவள் வராதீங்க என்று இன்னொரு கடிதம் எழுதுவாள். எழுதினால் நான் நின்றுவிடுவேன்.